கோடு இழுக்காத மாட்டுக்குறி

இஞ்சேருங்கோ, இன்று காலை வீட்டில் முடி கருகியது.

மகள் வேலைக்குப் போகிற அவசரத்தில், தலைமுடியை நேராக்கும் கம்பியைக் கையில் பிடித்தபடி போனில் யாருடனோ கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு கொத்து முடி அதற்குள் அகப்பட்டுப் பொசுங்கிவிட்டது. நான் கீழே குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன். மணம் படியிறங்கி வந்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்து தோட்டத்துக்கு ஓடினேன். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சத்தி எடுத்தேன்.

மகள் பாதித் தலை நேரும் பாதித் தலை சுருளுமாக ஓடிவந்தாள். "அம்மா, ஆர் யூ ஓகே? என்ன செய்யுது?" என்றாள். ஒன்றுமில்லை, வாய்வு என்றேன். இந்த வயதில் எதற்கும் வாய்வு என்று சொல்லித் தப்பிவிடலாம், அது ஒரு வசதி. ஆனால் அவள் உங்கள் மகள், இலேசில் விடமாட்டாள். என் இடது கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பை நான் வலக்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாது.

"தோசைக்கல்லு சுட்டது இப்பவும் நோகுதோ?" என்று கேட்டாள். பிறகு, பின்னேரம் வேலையால் வந்ததும் இதைப்பற்றிக் கதைக்கவேணும் என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினாள். தோசைக்கல் என்றுதான் அவளுக்கு நாங்கள் சொல்லி வைத்திருக்கிறோம். பின்னேரம் அவள் வருவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வரவேண்டும். தன் தகப்பன் ஒரு மனிதனின் முகத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைக்கப் போனவர் என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொல்வதா, விடுவதா? இந்த மாதிரி இக்கட்டு வரும்போதெல்லாம் உங்களிடம் கேட்டு, நீங்கள் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்வதுதான் என் பழக்கம். அதற்கும் ஆள் இல்லை இப்போது. ஆகவே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் இறங்கியபோது உங்களிடம் இருந்தது ஒரு கம்பளிச் சட்டையும் கெட்ட கோபமும்தான். சட்டை கிழிந்துபோயிற்று.

முதல் வேலை, எசெக்ஸ் பக்கத்தில் மாடு வெட்டும் தொழிற்சாலையில். நெற்றியில் வெடிவைத்து விழுத்திய மாட்டைச் சங்கிலியில் கொழுவி ஏற்றுவதும் கழுத்தை வெட்டி இரத்தம் வடிய விடுவதும் உங்கள் ஷிப்ட். வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே உடுப்பைக் கழற்றச் சொல்லுவேன். குளித்துவிட்டு வந்தாலும் காது மடலுக்குள் இரத்தம் காய்ந்து கிடக்கும். "வெட்டிறன், ஆனா தின்னமாட்டன்" என்பீர்கள். கடைசிவரை தின்னவும் இல்லை. அந்த வேலை ஏன் போனது என்பதும் எனக்கு மறக்கவில்லை. கால் வழுக்கி விழுந்த ஒரு மாட்டை எழுப்புவதற்கு ஃபோர்மன் அதன் கண்ணுக்குள் தடியால் குத்தினான். நீங்கள் கையில் இருந்த கொழுக்கியின் பிடியால் அவன் வாயில் அடித்தீர்கள். பல்லுகள் நிலத்தில் விழுந்தன. சாகப்போகிற மாட்டுக்கு ஏன் இந்தக் கோபம் என்று கேட்டேன். சாகப்போகிறது என்றபடியால்தான் என்றீர்கள். எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

பிறகு பெற்றோல் ஷெட்டில் வேலை, பிறகு சொந்த ஷெட்டுகள். இல்ஃபோர்ட்டில் எங்களோடு வந்த சனமெல்லாம் வீட்டுக்கு மேல் வீடாக வாங்கி வாடகைக்கு விட, நீங்கள் ஷெட்டுகளை விற்று, அப்மின்ஸ்டருக்கு அப்பால் பிள்ளையில்லாத ஒரு கிழவரிடம் மேய்ச்சல் தரை வாங்கினீர்கள். வீடு வாங்காமல் புல்லு வாங்கின விசரன் என்று கோயில் மண்டபத்தில் என் காதுபடச் சொன்னார்கள். அடுத்த தரையையும் வாங்கினீர்கள், அதற்கடுத்ததையும். ஆற்றோரச் சதுப்புப் பக்கமும் போனீர்கள். கடைசியில் வேலி பார்க்கப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாடு தவறிவிடும் என்ற அளவுக்கு நிலம். விசரன் என்றவர்கள் எல்லாம் தைப்பொங்கலுக்கு அடுத்தநாள் பட்டுச்சேலையும் பெரிய காருமாகக் கன்றுக்குட்டியோடு படம் எடுக்க வரத் தொடங்கினார்கள். அதே வாயால், இவர் வளர்த்து வெட்டக் குடுக்கிறவர் என்று குசுகுசுப்பதையும் விடவில்லை. நான் அவர்களுக்கு வடையும் தேத்தண்ணியும் கொடுத்தேன். மனதுக்குள் ஏசினேன்.

அயல் கிராமத்து வெள்ளைக்காரர் சிலர் குசுகுசுக்கிற வகை இல்லை. முதல் வருசமே ஒரு கன்றின் கழுத்தை அறுத்து எங்கள் வாசல் படலையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நாக்கு வெளியே தள்ளி, கீழே இரத்தம் சேறோடு சேர்ந்து கிடந்தது. நான் பொலிசுக்குப் போன் அடிக்கச் சொன்னேன். நீங்கள் கன்றை அவிழ்த்து டிராக்டரில் ஏற்றினீர்கள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், கிராமத்து பப் வாசலில் சனம் நிறைந்து நின்ற நேரம், அதைக் கொண்டுபோய் வாசல்படியில் கிடத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். ஒருவன் வந்து உங்கள் முகத்தில் துப்பினான். பிறகு நடந்ததில் உங்களுக்கு இரண்டு பல் போனது, அவனுக்குக் கை முறிந்தது. அதற்குப் பிறகு எங்கள் படலையில் ஒருவரும் ஒன்றும் தொங்கவிடவில்லை. நான் உங்களோடு பல நாள் பேசாமல் இருந்தேன். பெருமையும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருந்தது.

உங்கள் கோபத்துக்கு ஊற்று எங்கே என்று நான் அறிந்தது வெகுகாலம் கழித்து. ஒரு மத்தியானம் கோடாலிக்குச் சாணை பிடித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னீர்கள்.

உங்கள் ஆட்கள் வன்னியில் மாட்டுப்பட்டி வைத்திருந்தவர்கள். நான் யாழ்ப்பாணத்துக்காரி, எனக்குப் பசு என்றால் வீட்டுக்குப் பின்னால் கட்டி நிற்கும் ஒன்று. உங்களுக்கு மாடு என்றால் காட்டோரம் பெரிய கூட்டமாக அலைவது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி. இளம் மாட்டைப் பிடித்து விழுத்தி, தொடையில் அந்த எழுத்தைச் சுட்டுவிட்டால், மாடு எந்தக் காட்டுக்குள் போனாலும் யாருடையது என்று ஊருக்குத் தெரியும். உங்கள் குடும்பத்துக் குறி 'வ'. ஒரு மாட்டை விற்றால், வாங்கியவர் கொண்டுபோக முதல், அந்தக் குறிக்கு மேல் வீட்டுக்குப் பெரியவரான உங்கள் அப்பு தன் கையால் குறுக்கே ஒரு கோடு இழுத்துச் சுட்டுவிடுவார். கோடு இழுத்தால்தான் கைமாறியது. கோடு இல்லாவிட்டால் அது எங்கே நின்றாலும் உங்கள் மாடு.

காணாமல் போன பசு ஒன்று பக்கத்து ஊர் ஒருவரின் பட்டியில் நிற்கிறது என்று கேள்விப்பட்டு உங்கள் அண்ணை போனார். தொடையில் 'வ' இருந்தது, கோடு இல்லை. தன் மாட்டைத் தானே அவிழ்த்துக்கொண்டு வந்தார். பட்டிக்காரன் ஆயுதம் வைத்திருந்தவர்களிடம் போய்ச் சொன்னான். அவர்கள் உங்கள் அண்ணையைச் சந்தியில் லைட் கம்பத்தில் கட்டினார்கள். கழுத்தில் 'மாட்டுக் கள்ளன்' என்று எழுதிய மட்டை. சாட்சியாகப் பசுவையும் அதே கம்பத்தில் கட்டினார்கள். விசாரித்தது, தீர்த்தது எல்லாம் ஒரு பீடி குடிக்கிற நேரம்.

"குறி சந்திக்கு நேரை தெரிஞ்சுகொண்டு நிண்டது. ஒருத்தரும் அதைத் திரும்பிப் பாக்கேல்லை" என்றீர்கள்.

துப்பாக்கியால் சுட்டபிறகு கிட்டப் போக ஊரில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. நீங்கள்தான் போய் அவிழ்த்தீர்கள். நீங்கள் போகும்போது பசு உங்கள் அண்ணையின் காலை நக்கிக்கொண்டு நின்றதாம். அண்ணையை வண்டிலில் கிடத்தி, பசுவைப் பின்னால் கட்டி, சந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வீட்டுக்கு நடந்தீர்கள். அதைச் சொல்லி முடித்துவிட்டுக் கோடாலியின் கூர்முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தீர்கள். நான் தேத்தண்ணி போட எழும்பினேன்.

இங்கே மாட்டுக்குக் குறி இல்லை, காதில் மஞ்சள் பிளாஸ்டிக் அட்டைதான். 'மாட்டுக்குத் தோடு குத்தி விட்டிருக்கிறாங்கள்' என்று பகிடி பண்ணுவீர்கள். அந்தப் பகிடி ஓர் இலையுதிர்காலக் காலையோடு முடிந்தது. சதுப்புப் பக்கம் நின்ற மாடுகளில் ஒரு லொறி நிறையக் காணாமல் போயிருந்தன. புல்லுக்குள் காதுத் துண்டுகள் கிடந்தன, மஞ்சள் அட்டையோடு. உயிரோடு நிற்கிற மாட்டின் காதைத் தகடு வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள். நீங்கள் அவற்றைப் பொறுக்கி ஒரு கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து குசினி மேசையில் கொட்டினீர்கள். நான் அதே மேசையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். சிலதில் மயிர் இன்னும் ஈரமாக இருந்தது. பொலிஸ் வந்து படம் எடுத்து, ஒரு நம்பர் தந்துவிட்டுப் போனது.

"வெட்டினால் போற அடையாளம் என்ன அடையாளம்?" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

அடுத்த கிழமையே இரும்பை நீங்களே வளைத்து, ஒட்டி, 'வ' செய்துவிட்டீர்கள். கன்றுகளின் கொம்பு முளையைச் சுடுவதற்கு வைத்திருந்த காஸ் சுவாலையில் அதைக் காய்ச்சினீர்கள். நான் அன்றைக்குச் சோறு கொண்டுவந்தவள், பார்த்துக்கொண்டு நின்றேன். மாட்டின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கூட்டுக்குள் செங்காரிப் பசு நின்றது, அப்போது அது கன்று போடாத இளம் கடாரி. இரும்பு பட்டதும் அது கத்தவில்லை, முதலில் மூச்சை உள்ளே இழுத்தது. பிறகு கத்தியது. கூடு முழுக்க ஆடியது. மயிர் கருகிய மணம், பிறகு தோல், பிறகு சமையல் மாதிரி ஒரு மணம், அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது. சோற்றை அங்கேயே வைத்துவிட்டு நான் காருக்குள் போய் இருந்தேன். நீங்கள் அன்றைக்கு ஒரு பகல் முழுக்கச் சுட்டீர்கள்.

மிருக வைத்தியர் கண்டார், சொன்னார், கோர்ட்டுக்குப் போனது. இந்த நாட்டில் மாட்டைச் சூட்டிரும்பால் குறிசுட முடியாது என்பதை நீங்கள் அறியாமல் இல்லை. கோட்டும் டையுமாகப் போய் நின்றீர்கள். கொம்பைச் சுடலாம், தொடையைச் சுடக்கூடாதோ என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவைத்தீர்கள். கொம்பைச் சுட முன்னர் விறைப்பு ஊசி போடுவார்கள் என்று நீதிபதி அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். தண்டம் கட்டினோம். இன்னொரு முறை செய்தால் மாடு வைத்திருக்கவே தடை என்றார்கள். நீங்கள் இரும்பை எறியவில்லை, கொட்டிலில் சாக்குக்குள் சுற்றி வைத்தீர்கள்.

பொடியன் குணத்தைப் பற்றியும் எழுதவேண்டும், அவனை விட்டுச் சொன்னால் மகளுக்கு விளங்காது. பாரிஸில் இருந்து வந்து, விசா இல்லாமல், ஒருவரும் வேலை கொடுக்காமல் திரிந்தவன். நீங்கள் பண்ணையில் ஒரு கரவன் வண்டியில் தங்கவிட்டு வேலைக்கு வைத்திருந்தீர்கள். உங்களை அண்ணை என்பான், என்னை அக்கா என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையால் சாப்பிடுவான், கருவேப்பிலையைக்கூட ஒதுக்கமாட்டான். மாட்டுக்கு அவன் கை நல்ல கை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

எங்கள் சனத்தின் பழக்கம் தெரிந்த ஒருவன்தான் மறுபடி களவெடுக்க அந்த நாளைத் தெரிந்தெடுத்திருக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை, இல்ஃபோர்ட்டில் ஒரு ஹோலில் உங்கள் சொந்தக்காரப் பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீடு. விடிய வெளிக்கிட்டால் பொழுதுபடத்தான் வருவோம் என்று யாருக்கும் தெரியும். ஆனால் கன்று போடப் போகிற பசு ஒன்று நின்றது, உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆரத்தி எடுக்கிற நேரத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டீர்கள். மகள் தோழிகளோடு ஹோலில் நின்றுவிட்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு மாட்டு லொறி பின்படலையால் திரும்பி ரோட்டில் ஏறியது. படலையை உள்ளிருந்து சாத்திக்கொண்டிருந்தவன் குணம். அவன் கையில் எங்கள் பூட்டின் திறப்பு.

லொறியைத் துரத்தப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் லொறியைப் பார்க்கவேயில்லை. பட்டு வேட்டியோடு சேற்றுக்குள் நடந்துபோய், குணத்தின் தலைமயிரைப் பிடித்து, கொட்டில்வரை இழுத்துக்கொண்டு போனீர்கள். அவன் எதிர்த்து ஒரு அடிகூட அடிக்கவில்லை. கூட்டுக்குள் தள்ளி, நெம்புகோலை இழுத்து, மாட்டைப் பிடிப்பதுபோல் அவன் கழுத்தைப் பூட்டினீர்கள். சாக்கை அவிழ்த்து இரும்பை எடுத்தீர்கள். காஸைத் திறந்து பற்றவைத்தீர்கள்.

"அண்ணை, பொலிசிலை மட்டும் குடுக்காதேங்கோ, என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்று முதலில் அழுதான். இரும்பு சிவக்கச் சிவக்க, "பொலிசிலை குடுங்கோ அண்ணை, குடுங்கோ" என்று கத்தத் தொடங்கினான். மூத்திரம் காற்சட்டையால் வடிந்தது.

நான் கூறைச்சேலையும் அட்டியலுமாக நின்று உங்களைக் கெஞ்சினேன். ஏசினேன். முதுகில் குத்தினேன். நீங்கள் இரும்பின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். செங்காரிக்குக் காய்ச்சும்போதும் முகம் அப்படித்தான் இருந்தது. கோபமே இல்லாத முகம். கோபம் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திராது.

"உங்கடை அண்ணையையும் இப்பிடித்தானே கட்டினவங்கள்" என்றேன்.

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "அண்ணை கள்ளனில்லை. இவன் கள்ளன்" என்றீர்கள்.

உண்மைதான். அதுதான் கொடுமை. இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், நல்ல மறுமொழி ஒன்றும் இல்லை. கட்டியவர்களுக்கும் உங்கள் அண்ணை கள்ளன்தான் என்று அப்போது வாயில் வந்ததைச் சொன்னேன். நீங்கள் இரும்பைத் தூக்கிவிட்டீர்கள். அவன் இடது கன்னத்துக்கு நேரே போனது. நான் நினைத்துச் செய்யவில்லை. அடுப்பில் பால் பொங்கினால் கை போகுமே, அப்படி என் இடது கை நடுவில் போனது.

கத்தினேனா தெரியாது. செங்காரி செய்தது நினைவிருக்கிறது, மூச்சை உள்ளே இழுத்தேன். அதே மணம். முதலில் மயிர், பிறகு தோல். இந்தமுறை என்னில் இருந்து வந்தது. காப்பு ஒன்று சூட்டில் வளைந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. இரும்பு உங்கள் கையில் இருந்து விழுந்து வைக்கோலில் புகைந்தது. நீங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, மாடு தண்ணி குடிக்கிற தொட்டிக்குள் கையைத் தோள்வரை அமுக்கினீர்கள். பாசி படிந்த தண்ணி. பட்டுச்சேலை மிதந்தது. "ஐயோ என்ரை மனிசி, ஐயோ என்ரை மனிசி" என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். உங்கள் அம்மா செத்ததற்குக்கூட நீங்கள் அழுததை நான் கண்டதில்லை.

கூட்டுக்குள் இருந்து குணம் கத்தினான், "அண்ணை, என்னைத் திறவுங்கோ, நான் கார் ஓடுறன், உங்களாலை ஏலாது" என்று. நீங்கள் போய் நெம்புகோலைத் தள்ளினீர்கள். திறந்துவிட்டதும் ஓடியிருக்கலாம். அவன் ஓடவில்லை. ஈரக் காற்சட்டையோடு எங்கள் காரில் ஏறி, ரொம்ஃபோர்ட் ஆஸ்பத்திரிவரை சிவப்பு விளக்குகளைக்கூடப் பார்க்காமல் ஓட்டினான். நேர்ஸ் என்ன நடந்தது என்று உங்களைக் கேட்டாள். பின்னால் நின்ற குணம் ஆங்கிலத்தில் சொன்னான், தோசை சுடும் கல் தவறி விழுந்ததென்று. அந்த நேர்ஸ் நம்பியிருக்கமாட்டாள், தோசைக்கல்லில் எழுத்து இருக்காது. கொஞ்சநேரம் என்னைத் தனியே கூட்டிப்போய் வைத்து, வீட்டில் பயமில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். அன்றைக்கு அது பொய். பிறகு உண்மையாகிவிட்டது.

அந்த இரும்பை நீங்கள் ஆற்றில் எறிந்தீர்கள். அதன்பிறகு ஒரு மனிதன்மேல் கைநீட்டவில்லை. சத்தம் போடுவதை நிறுத்தினீர்கள் என்று சொல்லமாட்டேன், தெரு முழுக்கக் கேட்கும். மன்னிப்பு என்ற சொல் உங்கள் வாயில் கடைசிவரை வரவில்லை. அதற்கு நான் இப்போதும் கோபம். ஆனால் குளிர் தொடங்கினால் தழும்பு கடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாட்டு மடி வெடித்தால் பூசும் களிம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருப்பீர்கள். என் கையை மடியில் வைத்து, ஆறிக் கலைந்து எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே தெரிகிற எழுத்தின் வளைவு வளைவாகப் பூசுவீர்கள். நான் என்ன பசுவோ என்று கேட்பேன். 'பசு இவ்வளவு கதைக்காது' என்பீர்கள். டிவி ஓடிக்கொண்டிருக்கும், மகள் எதிரே இருந்து பார்த்துச் சிரிப்பாள்.

உங்களை யாராவது ஒரு மனிதன்தான் கொல்லுவான் என்று நான் எத்தனையோ வருசம் பயந்திருந்தேன். கடைசியில் கொன்றது செங்காரி. இளவேனில், கன்று போட்ட அடுத்த காலை, கன்றுக்குத் தொப்புளில் மருந்து தெளிக்கப் போனீர்கள். அது உங்களைப் படலையோடு வைத்து நசித்தது. விழுந்தபிறகும் விடவில்லை. மகள் அங்கேயே அதைச் சுடச் சொன்னாள், துப்பாக்கிக்காரரும் வந்துவிட்டார். நான் விடவில்லை. பிள்ளையோடு நின்றது, பயந்தது, அவர் கிட்டப் போனது பிழை என்றேன். கட்டிவைத்துச் சுட ஒரு கள்ளனும் இல்லை அங்கே.

போன கிழமை பட்டி முழுக்க விற்றாயிற்று. நிலத்தை மகள் குத்தகைக்குக் கொடுத்து வைத்திருக்கிறாள், விற்கமாட்டாளாம், அதில் உங்களைப்போல. லொறிகளில் ஏற்றும்போது போய் நின்றேன். இளம் மாடுகள் துள்ளிக்கொண்டு ஏறின. கடைசியாகச் செங்காரியும், அன்றைக்குச் சூடு வாங்கியதில் மிஞ்சிநின்ற இன்னும் சில கிழட்டுப் பசுக்களும். தொடையில் மயிர் முளைக்காத 'வ'. கோடு இழுக்க உங்கள் அப்புவும் இல்லை, நீங்களும் இல்லை. இழுக்காமலே போயின. உங்கள் ஊர்க் கணக்குப்படி அவை இன்னும் உங்களுடையவை. வாங்கியவருக்கு நான் அதைச் சொல்லவில்லை.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு, காலையில் அணைத்த அடுப்பிலேயே கிடந்த பிட்டை இறக்கினேன், அது கல்லாகிவிட்டது. பின்னேரம் மகள் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சொல்லிவிட்டேன். சந்தியில் தொடங்கி, காது, இரும்பு, தொட்டி, எல்லாம். உங்களுக்குப் பரிந்தும் பேசவில்லை, கூட்டியும் சொல்லவில்லை.

அவள் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். பிறகு, "குணம் மாமாவோ?" என்றாள். டூட்டிங்கில் மரக்கறிக்கடை வைத்து, மனிசி பிள்ளைகளோடு இருக்கிற, தீபாவளிக்குப் பெட்டி பெட்டியாக மாம்பழம் கொண்டுவருகிற குணம் மாமா. ஓம் என்றேன்.

"அப்பா கிறீம் பூசேக்கை நான் அதை அன்பெண்டு நினைச்சன்" என்றாள்.

"அதுவும்தான்" என்றேன்.

அழுதாள். உங்கள் படத்தைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்போது இதை லேசரால் எடுத்துவிடலாம், தனக்குத் தெரிந்த ஒரு டொக்டர் இருக்கிறார், அடுத்த கிழமையே போவோம் என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள், கோபமாகவே கேட்டாள். அவளுக்குச் சொல்ல எனக்கு வரவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

இது நீங்கள் எனக்கு வைத்த குறி இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு போயிருந்தால் அங்கே இருந்தே திருத்திக்கொள்ளுங்கள். வேறு ஒருவனுக்கென்று காய்ச்சியதை நான் நடுவில் புகுந்து எடுத்துக்கொண்டது. இதில் கோடு இழுக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, டொக்டருக்கும் இல்லை.

உங்கள் செத்தவீட்டில் பெட்டியைத் தூக்கியவர்களில் குணம் முன்னால் வலப்பக்கம் நின்றான். பாரம் தாங்க முகத்தைப் பெட்டியோடு சாய்த்துக்கொண்டு நடந்தான். நான் உங்களைப் பார்க்கவில்லை, அவன் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். அன்று காலை சவரம் செய்து, ஒரு வடுவும் இல்லாமல், அழுது நனைந்து, உங்கள் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த எழுத்து என் கையில் இருக்கும்வரைக்கும் அவன் முகத்தில் இல்லை. இங்கேயே இருக்கட்டும்.